பயப்பட ஒன்று, பார்க்கப் பல

ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது பேராக் மாநிலத்துப் புலனக் குழுக்களில் ஒரு மேகப் படம் வலம் வரும். சில சமயம் கரிய சுருள் ஒன்று வீட்டுக் கூரைகளைத் தொடும் உயரத்தில் நிற்கும். சில சமயம் வெள்ளை மேகத்தின் உச்சியில் ஏழு நிறமும் குழைந்து கிடக்கும். இன்னொரு நாள் மேகப் பரப்பின் நடுவே அளவெடுத்து வெட்டிய மாதிரி வட்டமாக ஒரு துளை. படத்தோடு விளக்கமும் வந்துவிடும்: உலகம் முடியப்போகிறது, வல்லரசின் ஆயுதச் சோதனை, வேற்றுக்கோள்காரர்கள், முருகனின் வேல். படம் பெரும்பாலும் உண்மையானதுதான். விளக்கம்தான் கற்பனை.

எனக்குள்ள வருத்தம் கற்பனையைப் பற்றியதல்ல. இந்த விசித்திர மேகங்களில் நாம் உண்மையில் பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்றுக்குத்தான். மற்றவற்றை நின்று நிதானமாகப் பார்க்கலாம். நாமோ நிறம் காட்டும் மேகத்தைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். ஓடி ஒதுங்க வேண்டிய மேகத்தின் கீழே, பந்துத் திடலின் நடுவில் நின்று காணொளி எடுக்கிறோம்.

மேகம் பிறக்கும் விதம் பள்ளியில் படித்ததுதான். ஈரக்காற்று மேலே ஏறினால் விரியும், விரிந்தால் குளிரும். நூறு மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 1 டிகிரி குறையும். ஓர் உயரத்துக்கு மேல் நீராவி ஆவியாகவே இருக்க முடியாமல், காற்றில் மிதக்கும் தூசு, கடலுப்பு, புகைத் துகள்களின் மேல் நுண்துளியாகப் படிகிறது. இவ்வளவுதான் மேகம். ஆகவே எந்த விசித்திர மேகத்தைக் கண்டாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்தக் காற்றைத் தூக்கியது யார்? வெயிலா, மலையா, குளிர்ந்த இன்னொரு காற்றா? பதில் கிடைத்தால் மேகத்தின் வடிவத்துக்குப் பெரும்பாலும் காரணமும் கிடைத்துவிடும்.

அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழக ஈப்போ நல்ல ஊர். நகரம் கிந்தா பள்ளத்தாக்கில் இருக்கிறது. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். அதில் கோர்பு மலை 2,183 மீட்டர். மேற்கே கிளேடாங் மலைகள், 800 மீட்டர் அளவுக்கு. நடுவில் சுண்ணாம்புக் குன்றுகள், ஈயலம்பங்கள் விட்டுப்போன குட்டைகள், பழைய ரப்பர் தோட்டங்கள், அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்ட செம்பனை. கிளேடாங்கைத் தாண்டினால் சமவெளி, பிறகு மலாக்கா நீரிணை, அக்கரையில் சுமத்திரா. வெயில் தரையைச் சுட்டுக் காற்றைத் தூக்கும். மலை தடுத்துத் தூக்கும். கடற்காற்று நுழைந்து தூக்கும். வடக்கே தைப்பிங் நகரில் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டுவதற்கு, ஊருக்குப் பின்னால் சுவராக எழுந்து நிற்கும் லாருட் மலைதான் காரணம். தீபகற்ப மலேசியாவில் அதைவிட நனைந்த நகரம் இல்லை.

பயப்பட வேண்டிய மேகத்தை முதலில் பார்த்துவிடுவோம். உலக வானிலை அமைப்பின் மேக ஏடு அதை ஆர்கஸ் என்கிறது. இடிமேகத்தின் முன்புறம் ஒட்டிக்கொண்டு, கரிய தட்டு ஒன்றை நீட்டியதுபோல் வந்தால் அது தட்டு மேகம். இடிமேகத்திலிருந்து பிரிந்து தனியாக உருண்டு வந்தால் உருளை மேகம். நம் பக்கம் அடிக்கடி வருவது தட்டு.

இதன் பிறப்பிடத்தை அறிய நள்ளிரவில் மலாக்கா நீரிணைக்குப் போக வேண்டும். இரவில் நிலம் கடலைவிட வேகமாகக் குளிரும். குளிர்ந்த நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். சுமத்திராவிலிருந்து ஒரு நிலக்காற்று, நம் கரையிலிருந்து ஒரு நிலக்காற்று. இரண்டும் நீரிணையின் நடுவே மோதிக்கொள்கின்றன. கீழே கடல்நீர் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. மோதிய காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. இடிமேகங்கள் வரிசையாக எழும்புகின்றன. தென்மேற்குக் காற்று அந்த வரிசையைப் பிடித்துக் கிழக்கே, நம் கரைக்குத் தள்ளுகிறது. ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் வரும் இந்தப் புயல்வரிசைக்குத்தான் கப்பல்காரர்கள் ‘சுமத்திரா’ என்று பெயர் வைத்தார்கள். கரையை அடையும்போது மணி பின்னிரவோ விடிகாலையோ ஆகியிருக்கும். காற்றின் வீச்சு மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை போகும்.

தோட்டத்து மக்களுக்கு இந்த மேகத்தோடு பழைய பகை உண்டு. ரப்பர் பயிர் பேராக்கில் கால் வைத்தது 1877-இல், கோலகங்சாரில் நட்ட சில கன்றுகளோடு. அவற்றில் ஒரு மரம் இன்றும் அந்த ஊரில் நிற்கிறது. பால்மரத்தை விடிவதற்குள் வெட்டியாக வேண்டும். இரவெல்லாம் இலைகள் அதிகம் நீரை வெளிவிடாததால் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் ஏறியிருக்கும். வெயில் ஏற ஏற அழுத்தம் தளர்ந்து பால் குறையும். அதனால்தான் இருட்டோடு பெரட்டு எனும் ஆள்கணக்கு, தலையில் விளக்கு, கையில் உளி. சுமத்திராப் புயலும் அதே நேரத்தில்தான் வந்து நிற்கும். இரண்டுக்கும் மூலம் ஒன்றே: இரவின் குளிர்ச்சி. மரத்துக்குள் பாலை நிறைக்கும் அதே இரவு, கடலின் நடுவே மழையையும் திரட்டிக்கொண்டிருக்கிறது.

பட்டை நனைந்தால் வெட்டிய கோட்டில் பால் ஓடாது, மரமெங்கும் வழியும். பால் பிடிக்கும் மங்கில் மழைத்தண்ணீர் நிறையும். வெட்டு இல்லையென்றால் நாள் கூலியும் இல்லை. அதனால் விடியலுக்கு முன் எழுந்து சோறாக்கிய பெண்கள் அடுப்பைப் பற்றவைக்கும் முன் மேற்கு வானத்தைப் பார்த்தார்கள். இடிச் சத்தமே இல்லாமல் அடிவானம் மின்னிக்கொண்டிருந்தால், புயல் இன்னும் கடலில் இருக்கிறது. இடியோசை இருபது கிலோமீட்டருக்கு மேல் பெரும்பாலும் கேட்காது. மின்னல் வெளிச்சமோ நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் தெரியும். ஓசையில்லாத மின்னலைக் கண்டு ‘மழைக்கு நேரம் இருக்கிறது’ என்று கணக்கிட்டவர்களிடம் வானிலை ராடார் இல்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

தட்டு ஏன் அத்தனை ஒழுங்காக இருக்கிறது? இடிமேகத்திலிருந்து விழும் மழையில் ஒரு பகுதி தரைக்கு வருமுன் ஆவியாகிறது. ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. குளிர்ந்து கனத்த அந்தக் காற்று கீழே இறங்கி, தரையில் மோதி, நாலாபுறமும் பரவுகிறது. புயல் நகரும் திசையில் அதற்கு வேகம் அதிகம். முன்னால் இருக்கும் வெதுவெதுப்பான ஈரக்காற்றுக்கு அடியில் ஆப்புப்போல் நுழைந்து அதை நெம்பித் தூக்குகிறது. தூக்கப்பட்ட காற்று ஒரே சீராக ஏறுவதால் மேற்புறம் வழவழப்பாக, அடுக்கடுக்காகத் தெரியும். தட்டின் அடிப்புறத்தை அண்ணாந்து பார்த்தால் கந்தலாகக் கொதித்துக்கொண்டிருக்கும். அங்கேதான் குளிர்காற்றும் வெப்பக்காற்றும் அடித்துக்கொள்கின்றன. தட்டு தலைக்கு மேல் வரும் நொடியில் சில்லென்று காற்று முகத்தில் அறையும். சில நிமிடங்களிலேயே வெப்பநிலை பல டிகிரி இறங்கிவிடும். மழை அதற்குப் பின்னால்.

சுமத்திராவின் அக்கரையில் இதே மேகம் ஓர் ஊரையே கலங்க வைத்திருக்கிறது. 2020 ஆகஸ்டில் மேற்கு அச்சேயின் மெலாபோ நகரில் கடலின் பக்கமிருந்து தட்டு மேகம் ஒன்று சுவர்போல் எழுந்து வந்தது. 2004 ஆழிப்பேரலையில் நொறுங்கிய நகரம் அது. மேகத்தை அலையாகக் கண்டு மக்கள் மிரண்டதில் வியப்பில்லை. இந்தோனேசிய வானிலை நிறுவனம் அது ஆர்கஸ் மேகம் என்றும், ஆழிப்பேரலைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் விளக்க வேண்டியிருந்தது. விளக்கம் சரிதான். ஆனால் அலை இல்லை என்பதால் ஆபத்தே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

லுமுட், பங்கோர், சித்தியவான், பாகான் டத்தோ பக்கத்தார் விடிகாலைத் தட்டை முழு வீச்சில் பார்ப்பார்கள். ஈப்போவுக்கு வருவதற்குள் சமவெளியும் கிளேடாங்கும் அதன் பலத்தைக் குறைத்துவிடும். ஈப்போக்காரர்களுக்கு வாய்ப்பது பிற்பகல் தட்டு. பகல் முழுவதும் வெயிலில் சூடான பள்ளத்தாக்கின் காற்று தித்திவங்சா சரிவில் ஏற, மேற்கிலிருந்து கடற்காற்று நுழைய, மூன்று நான்கு மணிக்கு இடிமேகம் பதினைந்து கிலோமீட்டர் உயரம்வரை முட்டிக்கொண்டு நிற்கும். பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் இது ஏறக்குறைய அன்றாட நிகழ்ச்சி. அந்த நேரத்தில்தான் பள்ளித் திடல்களில் பந்தாட்டம் நடக்கும்.

உலகில் இடி அதிகம் இடிக்கும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. மின்னலைப் பார்த்த பிறகு எண்ணத் தொடங்குங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் விழும் இடம் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்தது உங்கள் திடலிலும் விழலாம். தட்டு மேகம் முகப்பு மட்டுமே. மின்னலும் மரம் முறிக்கும் காற்றும் அதன் முதுகில் ஏறி வருகின்றன. ரப்பர் மரம் காற்றுக்கு எளிதில் முறியக்கூடியது என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

புயல் கடந்த பிறகு, மாலை வெயில் தாழ்வாக விழும்போது, இடிமேகத்தின் விரிந்த தலைக்கு அடியில் மடிமடியாகத் தொங்கும் மேகத்தைச் சிலர் பார்த்திருக்கலாம். மமாட்டஸ் என்று அதற்குப் பெயர். பார்க்கப் பயங்கரம், தன்னளவில் அப்பாவி. மற்ற மேகங்கள் ஏறும் காற்றில் பிறக்க, இது இறங்கும் காற்றில் பிறக்கிறது. எப்படி என்பதில்தான் தகராறு. வானிலை ஆய்வாளர் டேவிட் ஷுல்ட்ஸும் அவர் குழுவினரும் 2006-இல் பத்தளவு விளக்கங்களை எடுத்து அலசிப் பார்த்தார்கள். பனித்துகள் ஆவியாகிக் காற்றைக் குளிரவைக்கிறது என்பது ஒன்று, பனித்துகள் கனத்தால் காற்றை இழுத்துக்கொண்டு இறங்குகிறது என்பது இன்னொன்று. எல்லாப் படத்துக்கும் பொருந்தும் ஒரே விளக்கம் அகப்படவில்லை.

இனிப் பார்க்க வேண்டியவை. லென்ஸ் வடிவ மேகத்திலிருந்து தொடங்கலாம். ஈப்போவின் நில அமைப்புக்கு அது மிகவும் பொருத்தம். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தான் பக்கமிருந்து தித்திவங்சாவில் வந்து மோதுகிறது. மலைத்தொடர் ஏறத்தாழ வடக்கு தெற்காக நீண்டு கிடப்பதால் காற்று அதைக் குறுக்கே தாண்டித்தான் வர வேண்டும். மழையைக் கிழக்குச் சரிவில் கொட்டிவிட்டு நம் பக்கம் இறங்குகிறது. காற்று அடுக்கு நிலையானதாக, அதாவது தூக்கினால் கீழேயே திரும்பி வர விரும்புவதாக இருந்தால், இறங்கிய காற்று எழும்பும், எழும்பியது மீண்டும் இறங்கும். ஆற்றில் பாறைக்குப் பின்னால் தண்ணீர் அலையலையாக நிற்கிறதல்லவா, அதே சங்கதி. ஓர் ஏற்ற இறக்கத்துக்கு ஏறத்தாழ பத்து நிமிடம் பிடிக்கும். காற்று மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால் அலையின் முகட்டிலிருந்து அடுத்த முகடு ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். கணக்கு அவ்வளவு எளிது. முகட்டில் குளிர்ந்து மேகமாகும் காற்று, பள்ளத்தில் வெப்பமாகி மேகத்தைக் கரைத்துவிடும். முகடு நகராததால் மேகமும் நகராது. காற்று அதன் ஊடாக ஓடிக்கொண்டே இருக்க, மேகம் மட்டும் அங்கேயே நிற்கும். ஒரு பக்கம் துளிகள் பிறந்துகொண்டும் மறு பக்கம் மறைந்துகொண்டும் இருப்பதை வெறுங்கண்ணால் உணர முடியாது.

நகராமல், வழவழவென்று, விளிம்பு கூர்மையாக நிற்பதால்தான் இதைப் பறக்கும் தட்டு என்று நினைக்கிறார்கள். 1947 ஜூன் 24 அன்று அமெரிக்காவின் ரெய்னியர் மலைப் பக்கம் கென்னத் ஆர்னால்டு என்ற விமானி தான் கண்டதாகச் சொன்ன பொருட்களிலிருந்துதான் ‘பறக்கும் தட்டு’ என்ற பேச்சே பரவியது; அவர் கண்டது இத்தகைய மேகமாக இருக்கலாம் என்பாரும் உண்டு. நம் நாட்டில் சபாவின் கினபாலு மலை தொப்பி போட்டுக்கொள்ளும் படங்கள் பெயர் பெற்றவை. ஈப்போவில் பார்க்க வேண்டுமானால் வடகிழக்குக் காற்று பலமாக இருக்கும் காலையில், தஞ்சோங் ரம்புத்தான், சிம்பாங் பூலாய் பக்கம் மலைக்கு மேலும் சற்று மேற்கேயும் பாருங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் தரையைச் சுட்டுக் காற்றைக் கலக்கிவிட்டால் அந்த நிலைத்தன்மை போய்விடும், லென்ஸும் கலைந்துவிடும்.

இதன் உறவினர் ஒருவர் உண்டு, கெல்வின்-ஹெல்ம்ஹோல்ட்ஸ் மேகம். கடல் அலை மடிந்து விழுவதுபோல் வரிசையாகச் சுருண்ட மேகம். மேலடுக்குக் காற்று வேகமாகவும் கீழடுக்குக் காற்று மெதுவாகவும் ஓடும்போது இடைப்பட்ட எல்லை சுருள்கிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1868-இலும் கெல்வின் 1871-இலும் இதன் கணிதத்தைத் தந்துவிட்டார்கள். சில நிமிடங்களில் கலைந்துவிடுவதால் கண்ணில் படுவது அரிது. அவ்வளவே.

நிறம் காட்டும் மேகத்துக்கு வருவோம், ஏனென்றால் அதிகக் குழப்பம் இங்கேதான். 2017 பிப்ரவரி 20 அன்று மாலை ஐந்து மணி வாக்கில் சிங்கப்பூர் வானத்தில் ஒரு மேகத்தின் தலையில் நிறங்கள் கொழுந்துவிட்டன. கால் மணி நேரம்போல் நீடித்தது. ‘நெருப்பு வானவில்’ என்று செய்திகள் பறந்தன. அது நெருப்பும் அல்ல, வானவில்லும் அல்ல.

வளரும் குவிமேகம் ஒன்று வேகமாக மேலே முட்டும்போது, அதற்கு மேலே இருக்கும் ஈர அடுக்கையும் சேர்த்துத் தூக்கும். தூக்கப்பட்ட அடுக்கு மெல்லிய தொப்பியாகப் படியும். பைலியஸ் என்று பெயர். இப்போதுதான் பிறந்த மேகம் என்பதால் அதன் துளிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு. அளவு ஒத்த நுண்துளிகளைச் சுற்றி ஒளி வளையும்போது நிறத்துக்கு நிறம் வளையும் கோணம் வேறுபடுகிறது. சிவப்பு ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம் என்று பிரிகிறது. சிப்பியின் உட்புறத்தில் தெரிவதுபோன்ற, ஒழுங்கில்லாத நிறக்கலவை கிடைக்கிறது. துளிகள் வயதாகி அளவு கலந்துவிட்டால் நிறங்களும் கலந்து வெண்மையாகிவிடும். பெரிய குவிமேகம் தொப்பியைக் கிழித்துக்கொண்டு மேலே போய்விட்டாலும் காட்சி முடிந்தது. அதனால்தான் கால் மணி நேரம். குவிமேகம் அன்றாடம் முளைக்கும் கிந்தா பள்ளத்தாக்கில் பைலியஸ் அபூர்வமே அல்ல. மதியத்துக்குப் பிறகு கிழக்கு மலைகளின் மேல் குவிமேகத் தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

‘நெருப்பு வானவில்’ என்ற செல்லப்பெயர் உண்மையில் வேறொன்றுக்கு உரியது: அடிவானத்துக்கு இணையாகக் கிடைமட்டமாக நீளும் நிறப்பட்டை. இதைச் செய்வது நீர்த்துளி அல்ல, பனித்துகள். ஏழெட்டுக் கிலோமீட்டருக்கு மேலே, கீற்றுமேகத்தில் உள்ள அறுகோணத் தட்டுப் பனித்துகள்கள் படுக்கையாக மிதக்கின்றன. ஒளி அவற்றின் பக்கவாட்டு முகத்தில் நுழைந்து அடிமுகத்தில் வெளியேறுகிறது. இதற்குச் சூரியன் அடிவானத்திலிருந்து 58 டிகிரிக்கு மேல் நிற்க வேண்டும். சிங்கப்பூரில் மாலை ஐந்து மணிச் சூரியன் அந்த உயரத்தில் இருக்கவே முடியாது. ஆகவே அன்று தெரிந்தது இதுவல்ல என்று வீட்டில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம்.

58 டிகிரி விதியில் ஈப்போவுக்கு ஒரு பெரிய சலுகை இருக்கிறது. ஸ்டாக்ஹோமில் சூரியன் அவ்வளவு உயரம் ஏறுவதே இல்லை. அங்கே பிறந்து வளர்ந்தவர் சொந்த ஊரில் இந்தப் பட்டையைப் பார்க்கவே முடியாது. லண்டனில் கோடையில் மட்டும். ஈப்போவோ நிலநடுக்கோட்டிலிருந்து 4.6 டிகிரி வடக்கே இருக்கிறது. டிசம்பரிலும்கூட உச்சிச் சூரியன் 62 டிகிரியைத் தொடும். ஆண்டின் எந்த நாளும் தகுதியான நாள்தான்: டிசம்பரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம், மார்ச்சில் நான்கு மணி நேரத்துக்கு மேல். கீற்றுமேகம் சரியான இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஓர் எச்சரிக்கை: நம் கடிகாரத்தின் பன்னிரண்டு மணி உச்சிப்பொழுது அல்ல. 1982 முதல் தீபகற்பமும் சபா, சரவாக் நேரத்தையே பின்பற்றுவதால், ஈப்போவில் சூரியன் உச்சிக்கு வர ஒன்றேகால் மணிபோல் ஆகும்; தைப்பூச வாக்கில் ஒன்றரை. கல்லுமலைக் கோயிலுக்குக் காவடி எடுத்துப் போகிறவர்கள் அந்த நேரத்தில், சூரியனைக் கட்டடத்தாலோ மரத்தாலோ மறைத்துக்கொண்டு, அதற்குக் கீழே வெகு தாழ்வில் பார்க்கலாம். கையை நீட்டி விரல்களை விரித்தால் ஒரு சாண் ஏறத்தாழ 20 டிகிரி. பட்டை சூரியனுக்கு இரண்டு சாணுக்கும் சற்று அதிகமாகக் கீழே இருக்கும், சிவப்பு மேற்புறம். ஒழுங்கான நிறவரிசையோடு தொலைவில் இருந்தால் பனித்துகள். சூரியனுக்குப் பக்கத்தில் ஒழுங்கற்றுக் குழைந்திருந்தால் நீர்த்துளி.

அதே ஒரு சாண் அளவில் சூரியனையோ நிலவையோ சுற்றித் தெரியும் முழு வட்டம், 22 டிகிரி ஒளிவட்டம். இதைத் தமிழர்கள் எப்போதிருந்தோ கவனித்து வந்திருக்கிறார்கள். கிட்ட வட்டம் எட்ட மழை, எட்ட வட்டம் கிட்ட மழை என்ற பழமொழி கப்பலேறி வந்தவர்களோடு தோட்டங்களுக்கும் வந்தது. அதில் நல்ல கவனிப்பு இருக்கிறது. சிறிய வட்டம் தாழ்வான மெல்லிய மேகத்தின் நீர்த்துளிகளால் வருவது. பெரிய வட்டம் உயரத்துப் பனித்துகள்களால் வருவது. உயரத்துப் பனிமேகம் பரவிக்கொண்டு வந்தால் பின்னால் மழை வரக்கூடும். ஆனால் பேராக்கில் இந்தப் பழமொழியை நம்பிக் குடை எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. இங்கே உயரத்துப் பனிமேகம் பெரும்பாலும் நேற்றைய இடிமழையின் மிச்சம்; வரப்போகும் மழையின் முன்னோடி அல்ல.

மேகத்தில் துளை விழுவது இவற்றில் மிக அபூர்வம். அதற்கு இப்போது நல்ல விளக்கமும் கிடைத்திருக்கிறது. தண்ணீர் பூச்சியத்துக்குக் கீழே போனவுடன் உறைந்துவிடும் என்று நினைக்கிறோம். மேகத்துளிகள் அப்படி அல்ல. உறைவதற்குப் பிடிமானமாக ஒரு துகள் கிடைக்காவிட்டால் மைனஸ் 15, மைனஸ் 20 டிகிரியிலும் நீராகவே நிற்கும். நம் அட்சரேகையில் பூச்சியம் டிகிரி ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது; அந்த மைனஸ் அளவுகள் ஏழெட்டுக் கிலோமீட்டரில். ஒரு விமானம் அப்படிப்பட்ட மேகத்தைத் துளைத்து ஏறும்போதோ இறங்கும்போதோ, இறக்கைக்கு மேலும் சுழலியின் நுனியிலும் காற்று சட்டென்று விரிந்து 20 டிகிரி அளவுக்குக் கூடுதலாகக் குளிர்கிறது. அங்கே சில துளிகள் உறைகின்றன. உறைந்த துகள்கள் பக்கத்து நீராவியை அபகரித்துக் கொழுக்கின்றன. நீர்த்துளிகள் ஆவியாகி அவற்றுக்கு இரையாகின்றன. கொழுத்த பனி கனம் தாங்காமல் கீழே விழுகிறது. மேகத்தில் வட்டத் துளையும், அதன் நடுவில் இறகுபோல் தொங்கும் பனிக்கீற்றும் மிஞ்சும். ஒரு மணி நேரம்வரை துளை பெரிதாகிக்கொண்டே போகலாம். அமெரிக்க வளிமண்டல ஆய்வு மையத்தின் ஆண்ட்ரூ ஹேம்ஸ்ஃபீல்டும் உடன் ஆய்ந்தவர்களும் 2010, 2011 ஆண்டுகளில் இதை உறுதிசெய்தார்கள். காற்றைத் தூக்கியது யார் என்று கேட்கச் சொன்னேன்; இந்த ஒரு மேகத்தில் மட்டும் காற்றைக் குளிரவைத்தது யார் என்று கேட்க வேண்டும். பினாங்கும் கோலாலம்பூரும் இருபுறமும் இருக்க, நம் வானத்தில் பதில் சொல்ல விமானங்களுக்குக் குறைவில்லை.

மேகங்களுக்கு முறையான பெயரிட்டவர் லண்டன் மருந்து வணிகர் லூக் ஹோவர்ட், 1802-இல். சர்வதேச மேக ஏடு முதலில் 1896-இல் வெளிவந்தது. 2017 மார்ச் 23, உலக வானிலை நாளன்று வந்த புதிய பதிப்பில் பன்னிரண்டு புதிய பெயர்கள் சேர்ந்தன. அவற்றில் அஸ்பெரிடாஸ் என்ற கொந்தளிக்கும் மேகத்தின் கதை எனக்குப் பிடிக்கும். கீழே இருந்து கடற்பரப்பைப் பார்ப்பதுபோல் தெரியும் அந்த மேகத்தை ஏட்டில் ஏற்றியது ஆய்வுக்கூடம் அல்ல. 2006-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் எடுத்த படம் ஒன்று, கேவின் பிரெட்டர்-பின்னி தொடங்கிய மேக ரசிகர் சங்கத்துக்குப் போனது. உலகெங்கிலுமிருந்து சாதாரண மக்கள் அதேபோன்ற படங்களை அனுப்பினார்கள். எடுத்த இடமும் நேரமும் தெரிந்திருந்ததால், அந்த நேரத்து வானிலைத் தரவுகளோடு வைத்துப் பார்க்க முடிந்தது. ரீடிங் பல்கலைக்கழகத்தின் ஜைல்ஸ் ஹாரிசன் முதலானோர் அந்தப் படங்களைக் கொண்டு, காற்றடுக்கில் ஓடும் அலைகளே இதற்குக் காரணம் என்று வாதிட முடிந்தது.

அந்தப் பன்னிரண்டில் இன்னொன்று நமக்கு நெருக்கமானது. காட்டு மரங்கள் இலைவழியே விடும் நீராவியால், காட்டின் மேலேயே பிறக்கும் மேகத்துக்குச் சில்வாஜெனிட்டஸ் என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். வட பேராக்கில் 117,500 ஹெக்டேர் பரப்புள்ள ரோயல் பெலும் காட்டிலும் தெமெங்கோர் பக்கமும் மழை விட்ட பிறகு மரங்களின் மேல் கிழிசல் கிழிசலாக எழும் வெண்மேகம் அதுதான். உலகுக்கு 2017-இல் பெயர் தேவைப்பட்ட மேகத்தைப் பார்த்துப் பார்த்து நமக்கு அலுத்துவிட்டது. அபூர்வம் என்பது பார்க்கிறவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது: ஸ்டாக்ஹோம்காரருக்கு நம் நண்பகல் நிறப்பட்டை, நமக்கு அவர் ஊர்ப் பனி.

மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் ராடாரும் செயற்கைக்கோளும் மழையைக் காட்டும். கிளேடாங்குக்கு மேல் மூன்று நிமிடம் நின்ற சுருள் மேகத்தைக் காட்டாது. அதைக் காட்டக்கூடியது அந்த நேரத்தில் அண்ணாந்து பார்த்தவரின் கைப்பேசிதான். ஆகவே படம் எடுங்கள், பகிருங்கள். கூடவே நான்கு விவரம் எழுதுங்கள்: எந்த ஊர், எத்தனை மணி, எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது, சூரியன் எந்தப் பக்கம் இருந்தது. நிறத்தைக் கூட்டாத மூலப் படத்தை அழிக்காமல் வைத்திருங்கள். மேற்கிலிருந்து கரிய தட்டு வருவதாக இருந்தால் பிள்ளைகளைத் திடலிலிருந்து உள்ளே அழைத்துவிட்டு, படத்தைச் சன்னல் வழியாக எடுங்கள்.